ஒரு வீல் மட்டும் சுத்துதா? எல்.எஸ்.டி மாட்டுங்க பாஸ்!

டர்போ மாட்டின கார். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, உள்பக்க வீல் மட்டும் சும்மா சுத்துதா? காரணம், ஓப்பன் டிஃபரன்ஷியல். கிரிப் இல்லாத வீல் தாங்குற அளவு டார்க்தான் அடுத்த வீலுக்கும் போகும். எல்.எஸ்.டி எனப்படும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், கிரிப் உள்ள வீலுக்குக் கூடுதல் டார்க்கை அனுப்பும்.

உதாரணம், முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர் மாடலின் டிஃபரன்ஷியல் சின்னது. டர்போ பவருக்கு உடையலாம். அதனால், 1994 முதல் 1.8 லிட்டர் மாடலில் ஆப்ஷனாக வந்த டார்சன் எல்.எஸ்.டி-யைப் பொருத்துவார்கள். அதை மட்டும் வாங்கினா பத்தாது. ஆக்ஸில் ஷாஃப்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் சேர்த்து மாத்தணும்.

ஒரு எச்சரிக்கை: ஈர ரோட்டில் அதிகமா மிதிச்சா, ரெண்டு பின்வீலும் சேர்ந்தே வழுக்கி, கார் சுழன்றுவிடும். எல்.எஸ்.டி இருக்கிற கிரிப்பைப் பயன்படுத்தும், புதுசா உருவாக்காது!