கோழிக்குத் தப்பிய கொல்லை

கிராமத்து வீட்டுக் கொல்லையில் எந்தச் செடி தேறும் என்பதைப் பாதி தீர்மானித்தது கோழிதான். முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி எல்லாம் தண்டு முற்றி, தழை அலகுக்கு எட்டாத உயரத்தில் நிற்பவை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழையும் சேம்பும். சேம்பிலை வாயில் அரிக்கும். ஒரு கொத்தோடு கோழி விட்டுவிடும். வேலியோரம் நொச்சியும் ஆடாதோடையும். அந்தக் கசப்புக்கும் வாடைக்கும் கோழி கிட்டே போகாது.

ஆடிப்பட்டத்தில் அவரை, சுரை, பீர்க்கு ஊன்றுவார்கள். முளை விட்டதும் கருவேல முள்ளைக் கொத்தாக வைப்பார்கள், இல்லையென்றால் அடி உடைந்த பானையைச் சுற்றி வைப்பார்கள். கொடி பந்தலேறினால் முள் அடுப்புக்குப் போய்விடும். கீரைப்பாத்திக்கு மட்டும் படல் கட்டிய தனி இடம். விதைத்த சில நாளைக்குத் தாய்க்கோழியும் குஞ்சுகளும் பஞ்சாரக் கூடைக்குள்.

நாமக்கல் பண்ணை முட்டை கடைக்குக் கடை வந்தது, கொல்லைக் கோழி குறைந்தது. அந்த இடைவெளியில்தான் இன்றைய வீட்டுத் தோட்டம் உருவானது: கொரியன் புல், டேபிள் ரோஸ், தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டி, செடியடியில் சருகு மூடாக்கு. இப்போது நாட்டுக்கோழி மோகம் திரும்பியிருக்கிறது. ஊருக்கு வெளியே வீடு கட்டியவர்கள் சிறுவிடை, அசீல், கடக்நாத் என்று தேடி வாங்கி அவிழ்த்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் தோட்டம் புழுதிக்காடு.

கோழி கிளறுவதைச் சற்று நின்று பாருங்கள். காலை மாற்றி மாற்றி மண்ணைப் பின்னால் தள்ளும். ஓரடி பின்வாங்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். புழுவோ கரையானோ தென்பட்டால் கொத்தும். சருகு ஈரம் காக்கிற இடத்தில்தான் புழு சேரும் என்பதால், இயற்கை விவசாயத்தில் சொல்லித்தருகிற மூடாக்கு கோழிக்குப் போட்ட பந்தி. உச்சி வெயிலில் அதே கோழி செடி நிழலில் குழி பறித்துப் புழுதியில் புரளும். மேலிலுள்ள பேன் உதிர அதற்கு அது வேண்டும். இளங்கன்றுகள் கோழி தின்று சாவதைவிட, வேர் வெளியே வந்து காய்ந்து சாவதே அதிகம்.

ஆகவே நர்சரியில் கோழி தின்னாத செடியைத் தேடுவதைவிட, வேர் பிடித்து இடுப்பளவு வளர்ந்த கன்றாக வாங்குவது மேல். நட்டதும் அடியைச் சுற்றிக் கனமான கற்களை நெருக்கி அடுக்கிவிட்டால் கிளற வழியிருக்காது, தண்ணீரும் இறங்கும். எலுமிச்சைப் புல், வெட்டிவேர், கற்பூரவல்லியை நம்பி வைக்கலாம். கீரைக்கு இன்றும் தனி அடைப்புதான்; படல் போய் நைலான் வலை வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்று சொன்னால் கோழி வளர்ப்பவர்கள் ரசிப்பதில்லை. அன்று வீட்டுக்கு நான்கைந்து கோழி, களத்துமேடு வரை போய் மேய்ந்துவரும். இன்று காம்பவுண்டு சுவருக்குள் இரண்டு சென்ட் இடத்தில் இருபதை விட்டால் கள்ளியைத் தவிர எதுவும் மிஞ்சாது. எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு மூலையில் புரளச் சாம்பலும் மணலும் கொட்டிவைத்து, அடையப் போகுமுன் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுகிற வீடுகளில் கத்தரிச் செடிகூடப் பிழைத்துக்கொள்கிறது.