ரிப்பீட்டரின் காதை அடைக்காத உருளைகள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துக்குச் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. அங்கே கையடக்க ஹாம் ரேடியோவில் பேசினால், சமதரையில் சில கிலோமீட்டர் போய்ச் சேருவதே பெரிது. மேற்கே கல்வராயன் மலையில் 800 மீட்டர் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரத்திலிருந்து ரேடியோ அலையின் அடிவானம் ஏறத்தாழ 116 கிலோமீட்டர். குறுக்கே வேறு மலைமுகடு மறைக்காவிட்டால் உளுந்தூர்பேட்டையும் விழுப்புரமும் அதற்குள் அடக்கம்.

தூரம் இப்படி எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. சிக்கல் பெட்டிக்குள்தான். ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டதை, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பிச் சொல்ல வேண்டும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 0.6 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆன்டெனாவோ ஒன்று. வெளியே போவது 25 வாட். உள்ளே வருவது கால் மைக்ரோவோல்ட். திறனில் கணக்கிட்டால் இருபதாயிரம் லட்சம் கோடி மடங்கு வித்தியாசம்! கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் முணுமுணுப்பவர் பேச்சைக் கேட்கிற கதைதான்.

இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோளுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அது 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டு 145 பக்கம் பேசியது. மலையுச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே டூப்ளெக்சர் வேண்டும்.

டூப்ளெக்சர் இரண்டு வேலை செய்கிறது. ரிசீவர் பக்கம், சொந்த டிரான்ஸ்மிட்டரின் பேரலையைத் தடுக்கிறது. டிரான்ஸ்மிட்டர் பக்கம், அது சிந்தும் இரைச்சலில் ரிசீவரின் அலைவரிசையில் விழுவதை அழிக்கிறது. பலர் மறப்பது இரண்டாவதை. அந்த இரைச்சல் ரிசீவருக்குள் வந்துவிட்டால் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும்.

இதைச் செய்பவை கேவிட்டி எனப்படும் உலோக உருளைகள். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கு ஏறத்தாழ அரை மீட்டர். உள்ளே நிற்கும் தண்டின் நீளமும் அதுதான். இந்த அலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 5 மைக்ரான் ஆழத்திலேயே ஓடுவதால், நல்ல உருளைகளின் உள்பக்கத்தில் வெள்ளி பூசுகிறார்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்புத் தண்டு 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் கால் மில்லிமீட்டர் நீள்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கேவிட்டியின் அலைவரிசை 70 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். கூர்மையான தடுப்புப் பள்ளம் இடம் மாறி, ரிப்பீட்டர் செவிடாகும். அதனால்தான் டியூனிங் தண்டை இன்வார் உலோகத்தில் செய்கிறார்கள். இரும்பும் நிக்கலும் கலந்த அது சூட்டில் அநேகமாக நீள்வதே இல்லை. அதைக் கண்டுபிடித்த கியோம் 1920இல் நோபல் பரிசு பெற்றார்.

டியூன் செய்ய அவசரம் ஆகாது. ஒவ்வொரு கேவிட்டியையும் கழற்றித் தனியே, எந்த அலைவரிசை எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் நானோவிஎன்ஏ கருவியில் மாட்டுங்கள். முதலில் கடந்துபோக வேண்டிய அலைவரிசைக்குத் தண்டை நகர்த்துங்கள். பிறகு தடுக்க வேண்டியதற்குத் திருகைத் திருப்புங்கள். ஒன்று மற்றொன்றைக் கலைக்கும்; மாறி மாறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் இணைத்த பிறகு தடுப்பு 80 டெசிபலைத் தாண்ட வேண்டும். அவ்வளவு ஆழத்தை மலிவான கருவி சரியாகக் காட்டாது. அதனால் கடைசிச் சோதனை காதால்தான்: பலவீனமான சிக்னல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அணையுங்கள். போட்டதும் இரைச்சல் ஏறினால் வேலை இன்னும் முடியவில்லை.

கடந்துபோகும் வழியில் 1.5 டெசிபல் இழப்பு வரும்; 25 வாட்டில் 18 வாட்தான் ஆன்டெனாவுக்கு எட்டும். அதற்காக வருந்தத் தேவையில்லை. பேசும் திறனைவிடக் கேட்கும் திறன்தான் ரிப்பீட்டருக்கு முக்கியம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் கிடைக்கும் சின்ன மொபைல் டூப்ளெக்சர்கள் 5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளியை நம்பிச் செய்யப்பட்டவை. 0.6 இடைவெளிக்கு அவை உதவாது. பளபளப்பான புதிய சிறு பெட்டியைவிட, கீறல் விழுந்த பழைய ஆறு கேவிட்டி டூப்ளெக்சரே 2 மீட்டருக்குச் சரியான தேர்வு.