சூரியனை பூமியில் உருவாக்கும் ஆராய்ச்சி: மாணவர்கள் எப்படி நுழையலாம்?

கல்பாக்கத்தில் நடப்பது அணுவைப் பிளந்து மின்சாரம் எடுப்பது. சூரியனுக்குள் நடப்பது அதற்கு நேர் எதிர். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஆற்றலைக் கொட்டுகின்றன. இதை பூமியில் செய்யணும்னா சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம் வேணும். அந்தச் சூட்டில் வாயு 'பிளாஸ்மா'வாக மாறிவிடும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. அதனால் 'டோகமாக்' என்ற வளையக் கருவியில், சுவரைத் தொடாமல் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கிறார்கள்.

இந்தியாவில் எங்கே?

குஜராத்தின் காந்திநகர் அருகே, அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐபிஆர்). இங்குள்ள 'ஆதித்யா' டோகமாக் 1989-ல் இயங்கத் தொடங்கியது. இப்போது அதன் மேம்பட்ட வடிவமும், மீக்கடத்தி காந்தங்கள் கொண்ட எஸ்எஸ்டி-1 கருவியும் இருக்கின்றன.

என்ன படிக்கணும்?

எம்எஸ்சி இயற்பியல் முதலாமாண்டு மாணவர்களுக்கும் இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் ஐபிஆர் கோடைகாலப் பயிற்சி நடத்துகிறது. விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு சின்ன ப்ராஜெக்ட் செய்யலாம். இந்தத் துறை நமக்கு ஒத்துவருமான்னு பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பிஎச்டிக்கு எம்எஸ்சி இயற்பியலோடு ஜெஸ்ட் அல்லது கேட் மதிப்பெண், பிறகு நேர்காணல். பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம்.

இயற்பியல் படிச்சவங்களுக்கு மட்டும்தானா? இல்லை. ஒரே கருவிக்குள் கோடிக்கணக்கான டிகிரி சூடும், சில மீட்டர் தள்ளி மைனஸ் 269 டிகிரி குளிரும் இருக்கும். வெற்றிடம், குளிர்நுட்பம், உலோகவியல், மின்னணுவியல் எல்லாத்துக்கும் ஆள் தேவை. இணைவு உலைக்கான சிறப்பு எஃகை உருவாக்கியதில் கல்பாக்கம் விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு.

வெளிநாட்டு வாய்ப்பு?

பிரான்சில் கட்டப்படும் 'ஈட்டர்' திட்டத்தில் 2005-லேயே இந்தியா சேர்ந்துவிட்டது. உறுப்பு நாட்டு மாணவர்கள் அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அண்மையில் பிஎச்டி முடித்தவர்களுக்கு மொனாக்கோ நிதியுதவியோடு 2 ஆண்டு போஸ்ட்டாக் ஆய்வுப் பணி இருக்கிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு 5 பேர்தான்.

2024-ல் அறிவித்த அட்டவணைப்படி ஈட்டரில் ஆராய்ச்சி தொடங்குவது 2034-ல். அதாவது, இப்போது எம்எஸ்சி படிப்பவர் பிஎச்டி, போஸ்ட்டாக் முடித்து வெளியே வரும் நேரம்!

வேலை?

இங்கேதான் யோசிக்கணும். போஸ்ட்டாக் தற்காலிகப் பணி. இந்தியாவில் நிரந்தர விஞ்ஞானி இடங்கள் குறைவு. இணைவு ஆற்றல் ஸ்டார்ட்அப்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் செல்போன் சிப்பில் நுண்ணிய கோடுகளைச் செதுக்குவதும் பிளாஸ்மாதான். டோகமாக்கில் பழகிய கைக்கு செமிகண்டக்டர் துறையிலும் வேலை உண்டு.