உப்பனாற்றங்கரை – 12: எதை அல்ல, யாரை

தேவனாம்பட்டினத்துக் கோட்டை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினேன். அந்தச் சண்டைக்குப் பிறகு கல்கத்தா போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் கீர்நாந்தர். சுவீடன் நாட்டவர். 1740-இல் கடலூருக்கு வந்து, மிஷன் வேலையில் பதினெட்டு ஆண்டுகளை இங்கே கழித்தவர். சார்டோரியஸும் கைஸ்டரும் 1737-லேயே இங்கு மிஷனைத் தொடங்கியிருந்தார்கள்.

கடவுளைத் தமிழில் எந்தப் பெயரால் அழைப்பது என்பது அந்தக் காலத்துப் பாதிரிமாருக்குப் பெரிய கவலை. சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழக்கில் இருந்த ‘சர்வேசுரன்’ என்பதையே எடுத்துக்கொண்டார். சென்னையில் இருந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று வைத்தார். 1871 வேதாகமத்தில் ‘தேவன்’ வந்தது. தேவர்கள் முப்பத்து முக்கோடி இருக்கும் மொழியில் இந்தச் சொல் போதுமா என்று பலர் மனம் கசந்தார்கள். லுத்தரன் சபையார் பலர் பழைய மொழிபெயர்ப்பை விடவேயில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு வழக்காடியிருக்கிறார்கள். எனக்கோ அதற்குப் பின்னால் வரும் வினைச்சொல்லில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது.

‘பேய் இருக்குன்னு நம்புறியா?’ என்று கேட்கிறோம். ‘உங்களை நம்பித்தான் பொண்ணைக் குடுத்தோம்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வினைதான். முதலாவதில் ‘என்று’ இருக்கிறது. அது ஒரு கருத்து, நாளைக்கு மாறலாம். இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறார், அவர் கையில் நம் பிள்ளை இருக்கிறது. முதுநகர் மீன்காரம்மா வாடிக்கை வீட்டில் கடன் சொல்லிக் கூடையை இறக்குவதும் இந்த இரண்டாவது நம்பிக்கையில்தான்.

ஞாயிறு ஆராதனையில் கிறிஸ்தவர்கள் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் போடும் ஓட்டு அல்ல அது. ‘விசுவாசம்’ என்ற சொல்லை எசமானிடம் வேலையாள் காட்டும் பற்றுக்கும் தமிழில் சொல்கிறோம், அது வெறும் தற்செயல் இல்லை. ‘ஆமென்’ என்ற எபிரேயச் சொல்லின் வேரிலும் உறுதி, நம்பகம் என்ற பொருளே கிடக்கிறது.

யாரை நம்புகிறார்கள்? பிரமாணத்தின் நடுவே பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் பெயர் வருகிறது. கடவுளைப் பற்றிய அறிக்கையில் ஓர் அரசு அதிகாரிக்கு என்ன வேலை? அவருடைய ஆட்சியில், இன்ன ஊரில், சிலுவையில் செத்த ஒருவரிடத்தில்தான் கடவுளின் முகத்தைப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்வதால்தான். எங்கோ உயரத்தில் இருக்கும் ஒரு பரம்பொருளை ஒத்துக்கொள்வதோடு அது முடிவதில்லை. அடிபட்டவரிடம் தன்னை ஒப்படைக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை வந்த கடல் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சாவு விழாத தெரு தேடினாலும் கிடைப்பது அரிது. ‘கடவுள் இருக்கிறார் என்று’ மட்டும் நம்பியவனின் கருத்து அன்றைக்கே உடைந்துபோயிருக்கலாம். ஆளை நம்பியவனுக்குச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் இயேசுவே கேட்ட கேள்வி வேதத்தில் அழிக்கப்படாமல்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, 2005 ஜனவரி 2. அன்றைய பிரமாணத்திலும் படைத்தவர் என்ற சொல் இருந்தது. அவர் படைத்ததில் கடலும் அடக்கம்.

(தொடரும்)