சமக்குறியின் இரு பொருள்கள்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டமாகத் தொடங்கி, 2017-இல் இன்றைய உருவம் பெற்றது. அதன் முயற்சியால் கேரள உயர்நிலைப் பள்ளி மாணவர் பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயில்கின்றனர். கணித வகுப்பிலோ அவர்கள் ப(க) = க² + 1 என்று பல்லுறுப்புக் கோவையை எழுதப் பழகியுள்ளனர். இவ்வடிவத்தைப் பைத்தானுக்குரிய பெருக்கற் குறிகளுடன் எழுதினாலும் கணினி ஏற்பதில்லை. மாணவர் செய்த தவறு யாது?

தவறு கணிதத்தில் இல்லை. பைத்தானில் சமக்குறி, வலப்புறத்து மதிப்பை இடப்புறத்துப் பெயருக்கு வழங்கும் கட்டளையாகும். ப(க) என்பதோ பெயரன்று. சார்பைச் செயற்படுத்துக என்னும் அழைப்பு. அழைப்புக்கு மதிப்பை வழங்க இயலாது. ஆதலின் டெஃப் என்னும் சொல்லால் சார்பைத் தனியே வரையறுத்தல் வேண்டும்.

1957-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான், ஒற்றை வரிச் சார்பைக் கணித வடிவிலேயே எழுத இடமளித்தது. ஆயினும் அம்மொழியில் அணியின் உறுப்புக்கு மதிப்பு வழங்கும் வரியும் அதே தோற்றமுடையது. அணியை முன்னரே அறிவிக்க மறந்தால், அவ்வரி சார்பாகக் கருதப்படவும் கூடும்.

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ் என்னும் கணித மென்பொருள் வேறு வழியைக் கண்டது. அது பைத்தானை அடிப்படையாகக் கொண்டது. பயனர் எழுதிய வரியை முதலில் ஒரு முன்செயலி படிக்கிறது; ப(க) = க^2 + 1 என்றிருந்தால், அதனைப் பைத்தான் ஏற்கும் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. இவ்வாறு கிடைக்கும் சார்பை வகையிடவும் முடியும்.

எனினும் இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. முன்னர் க என்பதற்கு 7 என்னும் மதிப்பு அளித்திருந்தால், இவ்வரைவிலக்கணத்தின் பின் அது மறைந்து, க வெறும் மாறியாகிவிடும். ஏட்டில் ப(க) என்று எழுதுவதால் வேறிடத்திலுள்ள க மாறுவதில்லை, இங்கோ மாறுகிறது. மேலும், இவ்வரியைச் சாதாரணப் பைத்தான் கோப்பில் எழுதினால் பழைய பிழையே மீளும்.

ஆகவே ஆசிரியர், மாணவரின் வரியை அடித்துத் திருத்துமுன், "இங்குச் சமக்குறி யாது செய்கிறது?" என்று வினவுதல் நன்று. மதிப்பை வழங்குதல் வேறு, விதியை வகுத்தல் வேறு என்று உணர்ந்த மாணவர், எம்மொழியிலும் தடுமாறார்.