இரண்டு கைகளே மூலதனம்

பெரிய கடையில் பத்தோடு பதினொன்றாக வேலைக்கு நிற்பதா, வேறு ஊருக்குப் போய்ச் சிறிதாக என்றாலும் சொந்தமாகக் கடை போடுவதா என்ற கேள்வி நம்மில் பலருக்கு வாலிப வயதில் வந்திருக்கும். ஜேர்மனியைச் சேர்ந்த லுட்ஸ் பன்னன்ஸ்டீல் என்ற உதைப்பந்தாட்ட வீரருக்கு அது இருபது வயதளவில் வந்தது. புகழ்பெற்ற பயேர்ன் மியூனிக் கழகம் தனது இரண்டாம் அணிக்கு அவரை அழைத்தது. அதை மறுத்துவிட்டு அவர் 1993 இல் மலேசியாவின் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் கோல் காப்பாளர். மைதானத்தில் பதினொரு பேர் ஆடினாலும் கோல் காப்பாளருக்கு இடம் ஒன்றுதான். முதலாமவர் காயப்படும்வரை இரண்டாமவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதே. ஆக, கேள்வி குறைந்த சரக்கு. அதை ஒரே சந்தையில் வைத்துக்கொண்டு காத்திராமல், தேவைப்பட்ட இடத்துக்கெல்லாம் கொண்டுபோனார். இங்கிலாந்து, தென்னாபிரிக்கா, பின்லாந்து, சிங்கப்பூர், நோர்வே, அல்பேனியா, ஆர்மீனியா என்று நாடுகள் நீண்டன. கழகங்கள் 25 ஐத் தாண்டின. 2008 இல் பிரேசிலில் ஆடியபோது, உலகின் ஆறு உதைப்பந்தாட்டச் சம்மேளனங்களிலும் தொழில்முறையில் ஆடிய முதலாமவர் என்ற பெயர் கிடைத்தது.

பருவகாலத்தைக் கணக்குப் பண்ணியதும் கவனிக்கத்தக்கது. 2001 முதல் சில வருடங்கள் நியூசிலாந்தின் டனீடினுக்கும் இங்கிலாந்தின் பிராட்போர்டுக்கும் இடையே மாறி மாறி ஆடினார். ஓரிடத்தில் போட்டிகள் முடியும்போது மற்றைய இடத்தில் தொடங்கும். பெருநாள் சீசன் முடிந்ததும் பாடசாலைச் சாமான் இறக்கும் நமது புடைவைக் கடைக்காரரின் கணக்குத்தான் இதுவும்.

ஆனால் ஊர் ஊராகப் போகிறவருக்கு, பிரச்சினை என்று வந்தால் பக்கத்தில் நிற்க ஆளில்லை. சிங்கப்பூரில் ஆடியபோது ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் சிக்கி, 2001 இல் தண்டிக்கப்பட்டு, 101 நாட்கள் சிறையிலிருந்தார். தான் குற்றமற்றவன் என்பதே அவரது வாதம். அதைத் தீர்ப்பது நமது வேலையல்ல. சிறையிலிருந்து வந்தவர் தெரியாத ஊரில், சிறிய கழகத்தில் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதே நமக்கு முக்கியம். அடுத்த வருடம், 2002 டிசம்பர் 26 இல், பிராட்போர்டில் எதிரணி வீரருடன் மோதி விழுந்தவருக்கு மூன்று தடவை மூச்சு நின்றது. மருத்துவ உதவியாளர் ஓடிவந்து காப்பாற்றினார். மூலதனம் உடம்பாக இருக்கும் தொழிலில் நட்டம் இப்படித்தான் வரும்.

கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நட்சத்திரங்களை வைத்து இத்தொழிலை எடைபோடக் கூடாது. சர்வதேச வீரர் சங்கமான பிப்ப்ரோ 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீரர்களில் 45 வீதமானோரின் மாதச் சம்பளம் ஆயிரம் டொலருக்கும் குறைவு. 41 வீதமானோருக்கு முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. வளைகுடாவுக்குப் போன நமது பிள்ளைகளுக்கு இது புதிய கதையல்ல. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், 15 நாள் அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற பீபா விதி 2018 இல்தான் வந்தது. பன்னன்ஸ்டீல் ஆடிய காலத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆட்டத்தை நிறுத்திய பின் அவர் ஹொபன்ஹைம் கழகத்துக்கு வீரர் தேடும் வேலைக்குப் போனார். இத்தனை நாட்டுச் சந்தைகளை நேரில் கண்டவருக்கு அது பொருந்திய வேலை. 2020 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரப் புதிய கழகம் தனது விளையாட்டுப் பணிப்பாளராக அவரை எடுத்தது. வெறும் கையோடு தொடங்கிய அக்கழகத்துக்கு வீரர்களைத் தேடிப் பொறுக்கியது அவர்தான். 2023 இல், தனது முதலாவது பருவத்திலேயே, அது மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றது.