கேளாத ஒலியும் காணும் வெப்பமும்

ஒலி சுடுமா? வகுப்பில் ஒரு மாணவன் இவ்வாறு வினவினால் நாம் நகைத்துவிடுதல் கூடும். ஆனால், சுடும் என்பதே பௌதிக நூலார் தரும் விடை. ஒலி ஓர் அதிர்வு. அவ்வதிர்வு தசைக்குள் அடங்கும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி உணராது. அதனையே கேளா ஒலி என்றும் மீயொலி என்றும் வழங்குகிறோம். மென்மையாகச் செலுத்தினால் தாய் வயிற்றுக் குழந்தையின் உருவைக் காட்டும் இவ்வொலி, வலிமை மிகுத்துச் செலுத்தினால் தசையை வேகவைக்கும். இதனைக் கொண்டு ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயை அழிக்கும் முறை இன்று வழக்கிற்கு வந்துள்ளது.

கேளா ஒலி உயிர்ப்பொருளை ஊறுபடுத்தும் என்பது புதிய செய்தி அன்று. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்ற பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவன், தம் கருவியின் ஒலிக்கற்றையில் அகப்பட்ட மீன்கள் மடிவதைக் கண்டார். 1942-ஆம் ஆண்டில், உருப்பெருக்குக் கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒலியை ஒரு புள்ளியில் குவித்து, உடலின் உள்ளிடத்தைச் சுடலாம் என அமெரிக்க அறிஞர் சிலர் காட்டினர். அவ்வாறாயின் மருத்துவத்தில் இது வேரூன்ற இத்துணைக் காலம் ஆனது ஏன்? சுடும் ஆற்றல் இருந்தது. சுடும் இடத்தைக் காணும் கண் இல்லை. இக்குறையே பெருந்தடையாக நின்றது.

புராஸ்டேட் சுரப்பி அமைந்துள்ள இடத்தை நோக்கின் இது நன்கு விளங்கும். அக்ரூட் கொட்டை அளவினதாகிய இச்சுரப்பி சிறுநீர்ப்பையின் கீழே உள்ளது. சிறுநீர்க் குழாய் இதனை ஊடுருவிச் செல்கின்றது. பின்புறம் மலக்குடல், இருமருங்கிலும் ஆண்மைக்குரிய நரம்புகள், கீழே சிறுநீரை அடக்கும் தசை. சில மில்லிமீட்டர் பிழைத்தால் போதும், கேடு விளையும். அறுவையாலும் கதிர்வீச்சாலும் நோய் நீங்கப்பெற்றோருள்ளும் சிறுநீர் கசிவாலும் ஆண்மைக் குறைவாலும் வருந்துவோர் உளர். உயிரைக் காத்துக்கொண்டு, வாழ்வின் இயல்பையும் காத்துக்கொள்ள இயலுமா என்பதே நோயாளியின் கவலை.

அக்கவலைக்கு விடை தேட உதவியது காந்த அதிர்வுப் படக்கருவி. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு, காந்தப் புலத்தில் ஒரு குறித்த அதிர்வெண்ணில் இசைகின்றது. நீர் ஒரு பாகை சூடேறினால் அவ்வதிர்வெண் பத்துக் கோடியில் ஒரு பங்களவு குறைகின்றது. இம்மாற்றம் 1966-ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிடப்பட்டது. பிற்காலத்தார் இதனைப் படக்கருவியில் பொருத்தி, உடலைத் திறவாமலே உள்வெப்பத்தை அளக்கும் வெப்பமானியாக்கினர்.

கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள சன்னிபுரூக் மருத்துவ நிலையத்து ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் இணைத்தனர். நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய கோல் ஒன்றைச் சிறுநீர்க் குழாய் வழியே சுரப்பிக்குள் செலுத்துவர். கோலிலுள்ள ஒலியுறுப்புகள் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுடும். கோல் மெல்லச் சுழல, படக்கருவி சில வினாடிக்கொரு முறை வெப்பப் படம் வரையும். மருத்துவர் குறித்த எல்லையில் வெப்பம் ஏறக்குறைய 55 பாகை செல்சியசை எட்டுமாறு, கணிப்பொறி ஒலியைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும். சிறுநீர்க் குழாயும் மலக்குடலும் வேகாதவாறு அவற்றில் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படம் மெய்யே உரைக்கின்றதா? இதனைத் தேர்ந்த விதம் போற்றத்தக்கது. எவ்வாறாயினும் அறுவையால் சுரப்பியை நீக்கிக்கொள்ள இருந்தவர்களுக்கே முதலில் இம்முறையைச் செய்தனர். பின்னர், நீக்கிய சுரப்பியை நுண்ணோக்கியில் ஆய்ந்து, வெந்த பகுதியை வெப்பப் படத்தோடு ஒப்பிட்டனர். அம்முடிவுகள் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இக்கருவிக்கு இசைவளித்தது.

பயன் யாது? 115 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ஆம் ஆண்டில் அச்சேறியது. ஓராண்டின் பின் தசை எடுத்துச் சோதிக்கப்பெற்ற 111 பேரில் 72 பேரிடம் புற்று காணப்படவில்லை. முன்பு ஆண்மை குன்றாதிருந்த 92 பேரில் 69 பேர் அதனை இழக்கவில்லை. நற்செய்திதான், ஆயினும் எஞ்சிய 39 பேரிடம் புற்று இருந்ததையும் மறத்தல் ஆகாது. சுரப்பியைக் கடந்து எலும்பிற்குப் பரவிய நோயை இவ்வெப்பம் தொடாது. சுரப்பியில் சுண்ணக் கற்கள் இருப்பின் அவை ஒலியை மறிக்கும். சிகிச்சைக்குப் பின்னும் குருதிச் சோதனை தொடர வேண்டும். மெல்ல வளரும் சில புற்றுகளுக்கோ, எதுவும் செய்யாது விழிப்புடன் கண்காணித்தலே தக்கதென மருத்துவர் கூறுவர்.

ஆகவே, இஃது எல்லார்க்கும் உரிய அருமருந்து அன்று. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போது கண்டறிந்தோர்க்கு உரிய ஒரு வழி. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலியோ வேறு குறியோ காட்டுவதில்லை. காட்டும்போதும் நம்மில் பலர் நாணத்தால் வாய் திறப்பதில்லை. வீட்டாரிடமும் கூறாது மறைப்போர் உளர். ஐம்பது வயதைக் கடந்தோர், குறிப்பாகத் தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்ததாயின், மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசுதல் வேண்டும். செவிக்கு எட்டாத ஒலியையும் மருந்தாக்கிய காலம் இது. நோயாளியின் மௌனத்தை மட்டும் எந்தக் கருவியாலும் படம் பிடிக்க இயலாது.